வெள்ளிவிழாவுக்கு முன் ஒரு மேலதிகப் பரிசோதனை

மாலையில் முடிச்சுப் போட்டு வாசலில் வைத்த குப்பைப் பையை விடிவதற்குள் அவிழ்த்துப் பார்த்துவிடுகிற உயிரினம் ஒன்று லண்டனில் உண்டு. அது நரி. அதே வேலையைப் பட்டப்பகலில், குளித்து, சவரம் செய்து, கையில் ஒரு கோப்புடன் செய்கிற உயிரினம் இன்னொன்று உண்டு. அதற்கு மறுபரிசோதகர் என்று பெயர் வைப்போம். நரியாவது பசியால் செய்கிறது.

மறுபரிசோதகரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். விடுதியில் அறை எடுத்து, பெட்டியை வைத்து, சப்பாத்தைக் கழற்றி, கட்டிலில் சாய்ந்த பிறகு, கைபேசியை எடுத்து மற்ற விடுதிகளின் படங்களைப் பார்க்க ஆரம்பிப்பவர் அவர். கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறி, எல்லோரும் கைதட்டி, தேநீருக்கு எழுந்து, முதல் வடையைக் கடித்த பிறகு, "அந்தத் தீர்மானத்தில ஒரு சின்ன விசயம்" என்று தொண்டையைச் செருமுபவர் அவர். குழந்தைக்குப் பெயர் வைத்து, பதிவு செய்து, ஞானஸ்நானமும் கொடுத்து, குழந்தையும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய பிறகு, "வேற பேரும் யோசிச்சிருக்கலாம்" என்பவரும் அவரே. பேச வேண்டிய வேளையில் அவர் பேசுவதில்லை. இன்னும் முடிவடையாத காரியத்தில் அவருக்கு என்ன வேலை? முடியட்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இவரை எதையும் நம்பாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். சான்றிதழ் என்ற பொருளை இவரைப் போல மதிப்பவர் எவருமில்லை. முத்திரை, கையெழுத்து, திகதி ஆகிய மூன்றையும் ஒரே தாளில் கண்டால் இவருடைய கண்கள் பனிக்கும். நம்பாதவன் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். நம்புகிறவன்தான் விடமாட்டான்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி லண்டனின் தெற்கே மிச்சம் என்ற ஊரில், ட்ராம் தரிப்பிடத்திலிருந்து ஆறு நிமிட நடையில் வசிக்கிறார். பெயர் கிறிஸ்துராஜா. வயது ஐம்பத்தாறு. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்; ஞாயிறு தமிழ்ப் பூசையில் இடது பக்கம் மூன்றாம் வாங்கில் உட்காருபவர். லண்டன் நடுவில் ஹொல்பன் பக்கம் ஒரு காப்புரிமை நிறுவனத்தில், அமெரிக்கப் பிரிவில், கோப்புகளைத் தயாரிப்பவர். மற்றவர்களுக்கு இந்தக் குணம் வெறும் பழக்கம். இவருக்கு மட்டும் அது உத்தியோகம்.

உத்தியோகம் எப்படிப்பட்டது என்று கேட்பீர்கள். ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். தண்ணீர் சிந்தாத வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை அலுவலகம் அதை ஆராய்ந்து, கேள்வி கேட்டு, வருடக் கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் "சரி, இந்த வாளி உம்முடையதுதான்" என்று சான்றிதழ் கொடுக்கிறது. சுபம் என்று நினைப்பீர்கள். கிறிஸ்துராஜாவின் காலைப்பொழுது அங்கேதான் ஆரம்பமாகிறது. அமெரிக்காவில் யாராவது ஒருவர், யாராவது என்றால் எவரும், ஒரு பழைய அச்சுத்தாளைத் தூசி தட்டிக் கொண்டுபோய், "இதே வாளி முப்பது வருடங்களுக்கு முன்பே இந்தச் சஞ்சிகையில் வந்துவிட்டது, பாருங்கள்" என்று கொடுக்கலாம். அதில் கனமான புதிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று அலுவலகம் கருதினால், தான் கொடுத்த காப்புரிமையைத் தானே மறுபடி மேசையில் போட்டு அறுக்கும். இதற்கு மறுபரிசோதனை என்று பெயர். இன்னார் சொன்னார், அன்னார் கண்டார் என்ற வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது. அச்சில் இருக்க வேண்டும்.

இருபது வருடங்கள் இந்த வேலை பார்த்தவர் வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றுவார். புத்தியைக் கழற்ற முடியுமா?

அவர் வீட்டுக் கூரையறையில் பங்குக் கோவில் ஆண்டு மலர்கள், கலியாண அழைப்பிதழ்கள், நாட்காட்டிகள், விருந்துப் பட்டியல்கள் எல்லாம் வருட வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் பலனை முதலில் அனுபவித்தவர் கொட்வின் என்ற அப்பாவி. பங்குத் திருவிழாச் சமையல் போட்டியில் கொட்வின் ஓட்ஸ் போட்டுத் தட்டையாகச் சுட்ட மீன் கட்லற் ஒன்றை வைத்து, "புதிய தயாரிப்பு" பிரிவில் முதலிடம் பெற்று, பாதரின் கையால் ஒரு வெள்ளிக் கோப்பையும் வாங்கினார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கிறிஸ்துராஜா ஒரு பழைய பங்கு மலருடன் அவரைக் கார் தரிப்பிடத்தில் மறித்தார்.

"நாப்பத்தோராம் பக்கத்தைப் பாரும்."

"என்னண்ணை இது?"

"மீன் கட்லற். தட்டை. ஓட்ஸ். தொண்ணூற்று மூண்டாம் ஆண்டு அச்சிட்டது."

"ஐயோ அண்ணை, நான் இந்தப் புத்தகத்தைக் கண்ணாலையும் கண்டதில்லை."

"நீர் காணோணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. உலகத்தில எங்கையாவது கிடந்தாப் போதும்."

கொட்வின் நல்ல மனிதர். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மலரில் எழுதிய பெண்மணி காலமாகிவிட்டதால் அவருக்கும் அதைக் கொடுக்க முடியவில்லை. அது இன்றும் மண்டபத்து அலுமாரியில், பிளாஸ்ரிக் கரண்டிகளுக்குப் பக்கத்தில், யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கிறது. கிறிஸ்துராஜாவுக்கு அந்தக் கோப்பை மீது ஆசை இருந்ததா? துளியும் இல்லை. அதுதான் பயங்கரம்.

இதுவரை சொன்னது சாதாரண வகை. பிறர் விடயத்தைத் திறப்பவர். அபூர்வமான இன்னொரு வகை உண்டு: தன் விடயத்தைத் தானே திறப்பவர். முதல் வகையிடமிருந்து ஓடித் தப்பலாம். இரண்டாம் வகையைக் கட்டியவள் எங்கே ஓடுவாள்?

கிறிஸ்துராஜா இரண்டு வகையும்தான். அவரைக் கட்டியவர் இம்மாகுலேற். தென் லண்டனில் சாரதிப் பரீட்சை நடத்தும் பரிசோதகர். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் காரை ஓட்ட, பக்கத்து இருக்கையில் முகத்தில் ஒரு கோடும் அசையாமல் இருந்து, சிறு தவறா பாரதூரமான தவறா என்று குறித்துக்கொண்டே வருபவர். சிறு தவறு பதினைந்து வரைக்கும் பொறுப்பார். பாரதூரமான தவறு ஒன்று போதும், அடுத்த தடவைதான். முடிவை எப்போது சொல்வார்? கார் நின்ற பிறகு. அதற்கு முன் அழுதாலும் சொல்லமாட்டார்.

இவர்களுடைய திருமணத்தின் வெள்ளிவிழா இந்த வருடம் செப்டம்பர் இருபதாம் திகதி என்று நிச்சயமானது. பூசையில் திருமண வாக்கைப் புதுப்பிப்பது, பிறகு மண்டபத்தில் நூற்றெண்பது பேருக்குச் சாப்பாடு. அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் ரொறொன்ரோவிலிருந்து நகுலேஸ்வரி தொலைபேசியில் வந்தார். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் மாப்பிள்ளையின் படத்தையும் விபரங்களையும் பெண் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சம்பந்தம் பேசியவர் அவர். "விழாவுக்கு நானும் வாறன் தம்பி, பழைய கதையெல்லாம் கதைப்பம்" என்றார்.

வேறொருவர் என்றால் மகிழ்ந்திருப்பார். கிறிஸ்துராஜா வெளிறிப் போனார். அன்று கொடுத்த விபரங்களில் சில அவ்வளவு விபரமாக இல்லை என்பது அவருக்குத் தெரியும். நகுலேஸ்வரிக்கும் தெரியும் என்று அவர் நம்பினார். அதே மாதம் அலுவலகத்தில், ஒரேயொரு கட்டுரையை மறைத்ததற்காக நீதிமன்றத்தில் முழுக் காப்புரிமையையும் பறிகொடுத்த ஒருவரின் கோப்பு அவர் மேசையைக் கடந்து போயிற்று. ஒன்றை மறைத்தால் எல்லாம் செல்லாது. பல்லாயிரம் மைல் தாண்டி ஒரு சாட்சி வேறு வருகிறது.

மதிய உணவு வேளையில் பாலசுப்பிரமணியனிடம் போனார். திருச்சிக்காரர், பொறியியல் படித்துவிட்டுச் சட்டமும் படித்து, அந்த நிறுவனத்திலேயே காப்புரிமை வழக்கறிஞராக இருப்பவர்.

"ஒராள் பேற்றன்ற் எடுக்கேக்கை சில விசயம் சொல்லாமல் விட்டிட்டார் எண்டு வையுங்கோ. அது தெரிஞ்ச சாட்சி ஒண்டு வருது. என்ன செய்யலாம்?"

"சாட்சி வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நாமளே போய்ச் சொல்லிடணும். மேலதிகப் பரிசோதனை. உங்களுக்குத் தெரியாததா சார்?"

"ஓம், ஓம். பன்னிரண்டு உருப்படிதானே சொல்லலாம்?"

"ஆமா, ஒரு மனுவுக்குப் பன்னிரண்டு. மூணு மாசத்துல பதில் வந்துடும். நாமளே கொண்டுபோய்க் கொடுத்ததை வச்சு அப்புறம் யாரும் நம்ம மேல பாய முடியாது. ஆனா யோசிச்சுக்கோங்க. கனமான கேள்வி இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா மறுபரிசோதனைதான், நிறுத்தவே முடியாது. நாம கொடுத்த பன்னிரண்டோட நிக்கவும் மாட்டாங்க. ஆரம்பத்துல நம்ம பக்கத்து விளக்கத்தைக் கொடுக்கவும் விடமாட்டாங்க. எந்தக் கம்பெனி சார்?"

"கம்பனி இல்லை. குடும்பம்."

பாலசுப்பிரமணியன் சாம்பார் சாதத்தின் மீது கரண்டியை நிறுத்தினார். "குடும்பம்னா, உங்க குடும்பமா?"

"ஓம்."

"சார், சர்ட்டிஃபிகேட் கொடுத்த ஆபீஸ் வேற, கேஸ் போடற எதிராளி வேற. அதனாலதான் அந்த முறை வேலை செய்யுது. உங்க வீட்டுல ரெண்டும் ஒரே ஆள்."

இதைவிடத் தெளிவாக ஒரு சட்ட ஆலோசனை ஹொல்பனில் எவருக்கும் கிடைத்திருக்காது. கிறிஸ்துராஜா நன்றி சொல்லிவிட்டு, மனுவைத் தட்டச்சு செய்யப் போனார்.

இடையில் பாதரையும் ஒரு வார்த்தை கேட்டார். மனுவில் எழுதிய பன்னிரண்டு விடயங்களையும் எப்போதோ பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாகிவிட்டது, மன்னிப்பும் கிடைத்துவிட்டது.

"அப்ப என்னத்துக்கு ஐயா திரும்பக் கிளறுறீர்?" என்றார் பாதர். "நீர் என்ன சொன்னீர் எண்டு எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருந்தாலும் இல்லை. ஆனா மன்னிச்சது மன்னிச்சதுதான்."

"அது பரலோகத்துக்குச் செல்லும், பாதர். மிச்சத்துக்குச் செல்லுமோ?"

பாதருக்கு அடுத்த வீட்டில் ஒரு நோயாளி இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஜூன் பதினான்காம் திகதி காலை, இம்மாகுலேற் பாணில் பட்டர் பூசிக்கொண்டிருந்தபோது, கிறிஸ்துராஜா நான்கு பக்க மனுவை மேசையில் வைத்தார்.

"இதென்ன?"

"மேலதிகப் பரிசோதனை. கலியாணத்துக்கு முதல் உமக்குச் சொல்லியிருக்க வேண்டிய விசயங்கள். ஒருத்தரும் கேக்காமல் நானா முன்வந்து தாறன். நீர் மூண்டு மாதத்துக்குள்ள முடிவு சொல்லோணும்."

"ஏன் இப்ப?"

"பாதுகாப்புக்கு."

இம்மாகுலேற் கத்தியை வைத்துவிட்டு, பேனாவை எடுத்தார். பரிசோதகர் அல்லவா? தாளைக் கண்டால் கை தானாகப் போகும்.

முதலாவது உருப்படி, பெண் வீட்டுக்கு அனுப்பிய படம் ஆறு வருடம் பழையது. அதற்கிடையில் தலைமுடி கணிசமாகப் பின்வாங்கியிருந்தது. "சிறு தவறு" என்று இம்மாகுலேற் குறித்தார். இரண்டாவது, ஐந்தடி ஏழு அங்குலம் என்றது சப்பாத்துடன். சிறு தவறு. மூன்றாவது, பாடகர் குழுவில் இருந்தவர் என்று சொன்னது உண்மை, பாடினார் என்பதுதான் உண்மையன்று. வாயை மட்டும் அசைத்தார். சிறு தவறு. நான்காவது, பட்டதாரி என்று எழுதியபோது ஒரு பாடம் மிச்சமிருந்தது. சிறு தவறு. ஐந்தாவதில் பேனா சற்றுத் தயங்கியது. நிச்சயமான காலத்தில் எழுதிய கடிதத்தில் தமக்குப் பாகற்காய் பிடிக்கும் என்று கிறிஸ்துராஜா எழுதியிருந்தார்; பிடிக்காது. அந்தக் கடிதத்தை நம்பி இம்மாகுலேற் இருபத்தைந்து வருடங்களாகச் செவ்வாய்க்கிழமை தோறும் பாகற்காய் சமைத்திருக்கிறார்.

"எனக்கும்தான் பிடிக்காது" என்றார் இம்மாகுலேற், தாளைப் பார்த்தபடியே. பிறகு சிறு தவறு என்று போட்டார். ஆறாவது, ஏழாவது, எட்டாவது எல்லாம் அப்படியே கழிந்தன. கிறிஸ்துராஜா தமக்கு ஒரு தேநீர் ஊற்றிக்கொண்டார். வெள்ளிவிழா அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒன்பதாவது உருப்படியை அவர் முக்கியமானதாகவே கருதவில்லை. அதன் வாசகம் இது: "கொழும்பிலிருந்து வந்த விமானம் இறங்கிய அன்று, ரயில் பழுதானதால் தாமதமாக வந்ததாக விண்ணப்பதாரர் கூறியது சரியன்று. ரயில் பழுதாகவில்லை. விண்ணப்பதாரர் உரிய நேரத்துக்கு முன்பே வருகைப் பகுதியில் இருந்தார். மணப்பெண் வெளியே வந்த பின் நாற்பது நிமிடங்கள் ஒரு தூணின் பின்னால் நின்றார்."

இம்மாகுலேற் அதை இரண்டு தடவை வாசித்தார்.

ஒரு விடயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்த நாற்பது நிமிடங்கள், ஊர் பேர் தெரியாத நாட்டில், மூன்று பெட்டிகளுக்கு நடுவில், தன்னை ஒருவரும் கூப்பிட வரவில்லையே என்று அவர் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு இன்றுவரை விமான நிலையம் போவதென்றால் அந்த ரயிலில் ஏறியதில்லை. இரண்டு பஸ் மாறித்தான் போவார். இருபத்தைந்து வருடங்களாக ஒரு குற்றமும் செய்யாத ரயில் மேல் கோபித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் மிச்ச மூன்று உருப்படிகளையும் வாசிக்கவில்லை. ஒன்பதாவதின் பக்கத்தில் எதையோ எழுதி, தாளை மடித்தார்.

"என்ன போட்டனீர்?"

"கனமான புதிய கேள்வி எண்டு நீங்கள் சொல்லுறதுதான்."

"அப்ப மறுபரிசோதனையோ? நான் ஒரு விளக்கம்..."

"விளக்கம் குடுக்க ஏலுமோ?"

விதி அவருக்கு மனப்பாடம். "ஏலாது" என்றார்.

"முடிவு கார் நிண்ட பிறகு" என்று சொல்லி இம்மாகுலேற் வேலைக்குப் போனார்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டையென்றால் சத்தம் இருக்கும். இம்மாகுலேற் வீட்டிலும் பரீட்சைக் காரில் பேசுவது போலவே பேச ஆரம்பித்தார். "ஆயத்தம் எண்டால் சோத்தைப் போடலாம்." "அடுத்த கதவால இடது பக்கம் போங்கோ, குளியலறை வெறுமையா இருக்கு." கணவர் இறைச்சிக் குழம்பில் உப்பு அதிகம் என்று சொன்னால் பதில் வராது, எங்கோ ஒரு பேனா கிறுக்கும் சத்தம் மட்டும் கேட்கும். கிறிஸ்துராஜா இரவு பகலாகப் பதினாறு பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதினார். எழுதி, விதியை மதித்து, இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அதைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே வீடு சமாதானமாகியிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். விதியை மீறி வரும் சமாதானம் அவருக்கு எதற்கு?

லீட்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள் றூபினிக்கு விடயம் விளங்க ஒரு வாரம் பிடித்தது.

"அப்பா, ஒருத்தரும் கேக்கேல்லையே. வை வுட் யூ டூ திஸ்?"

"கேக்க முதல் சொன்னால்தான் பிள்ளை பாதுகாப்பு."

"ஆரிட்டையிருந்து?"

"அம்மாட்டையிருந்து."

"பட் யூ டோல்ட் அம்மா."

கிறிஸ்துராஜா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மிச்சத்தில் பார்ப்பதற்கு அப்போது விசேஷமாக ஒன்றும் இருக்கவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் வாக்குப் புதுப்பிக்கும் சடங்குக்கான வாசகத்தை உறுதிப்படுத்தப் பாதர் தொலைபேசியில் கேட்டபோது, இம்மாகுலேற், "இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது பாதர், பரிசோதனை நடக்குது" என்றார். எந்த வைத்தியசாலை என்று பாதர் விசாரித்தார். மண்டபக்காரர் கதிரை எத்தனை என்று கேட்டார். கேக் செய்பவர் கேக்கில் இரண்டு பெயரா ஒரு பெயரா என்று கேட்டார். அவர் நீல எழுத்தா தங்க எழுத்தா என்று கேட்க வந்தவர், வீட்டின் காற்றைக் கண்டு கேள்வியை மாற்றிவிட்டார். நூற்றெண்பது பேர் உடுப்புத் தைக்கக் கொடுத்துவிட்டார்கள். மணப்பெண் வருவாரா என்பது மட்டும் தெரியாது.

செப்டம்பர் பதினோராம் திகதி நகுலேஸ்வரி வந்து சேர்ந்தார். எழுபத்தொன்பது வயது. தேநீரை உறிஞ்சிக்கொண்டு கிறிஸ்துராஜாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீர்தானே தம்பி அந்த வங்கி வேலை?"

"இல்லை அன்ரி. நான் கிறிஸ்துராஜா. நீங்கள் என்ர படத்தைக் கொண்டுபோய்..."

"ஓ, கண்ணாடி போட்ட பெடியன்."

"நான் கண்ணாடி போடுறேல்லை."

"எனக்கென்ன தம்பி ஞாபகம்? நாப்பத்து மூண்டு சோடி சேத்து விட்டனான். ஆருக்கு ஆரைச் சேத்தனான் எண்டதே இப்ப குழப்பம். உம்மைப் பற்றி ஒண்டுமே ஞாபகமில்லை." சிரித்தார். "ஆனா சந்தோசமாத்தானே இருக்கிறியள் ரெண்டு பேரும்?"

இம்மாகுலேற் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். ஆபத்து என்று எண்ணியது ஆபத்தே இல்லை. தடுப்பு என்று எண்ணியதுதான் ஆபத்து. இதைக் கிறிஸ்துராஜா அந்தக் கணத்தில் உணர்ந்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் உண்மையில் யோசித்தது, ஞாபகமில்லாத சாட்சியை எந்தத் தலைப்பில் கோப்பிடுவது என்பதை.

மூன்று மாதம் முடியும் அன்று மாலை, இம்மாகுலேற் கார்ச் சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். "ஓட்டுங்கோ" என்றார். தாம் பக்கத்து இருக்கையில் ஏறி, மடித்த தாளை மடியில் விரித்தார். இடம், வலம், வட்டச்சந்தியில் இரண்டாவது வழி என்று ஊரெல்லாம் சுற்ற வைத்தார். கிறிஸ்துராஜா முப்பது வருடமாகக் கார் ஓட்டுபவர். அன்றைக்கு இரண்டு தரம் இயந்திரம் நின்றுபோனது.

"வசதியான இடத்தில நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினார்.

"ஒரே ஒரு கேள்வி. தூணுக்குப் பின்னால நிண்டு என்னத்தைப் பாத்தனீங்கள்?"

"உம்மை."

"என்னில என்னத்தை?"

அவர் கை இழுப்பறையிலுள்ள பதினாறு பக்கங்களைத் தேடியது. இழுப்பறை வீட்டில் இருந்தது. வேறு வழியில்லாமல் சொன்னார்: "நீர் பெட்டியளை எண்ணினீர். மூண்டு பெட்டி. எண்ணிப்போட்டுத் திருப்பி எண்ணினீர். பிறகு பெட்டி நம்பர் எழுதின துண்டை எடுத்து அதை வைச்சு எண்ணினீர். அதுக்குப் பிறகு பக்கத்தில நிண்ட மனிசன்ர பெட்டியையும் எண்ணினீர்."

"அந்தாள் ஒண்டை மறந்திட்டுப் போகப் பாத்தது."

"எனக்குத் தெரியும். அதுதான் பயந்திட்டன். நானும் இப்பிடி, வாறவவும் இப்பிடி எண்டால் வீடு என்ன ஆகும்?"

"பிறகு ஏன் வந்தனீங்கள்?"

அவர் ஏற்கெனவே இழுத்திருந்த கைப்பிரேக்கை இன்னொரு தடவை இழுத்தார்.

"ரொயிலற்றுக்குப் போகோணும் போல வந்திட்டுது. போறதெண்டால் உம்மைத் தாண்டித்தான் வழி."

இம்மாகுலேற் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். மூன்று மாதமாக அசையாத அந்த முகத்தில் வாயின் ஒரு ஓரம் மட்டும் கட்டளையை மீறியது.

"இது மனுவில இல்லை."

"இது பதின்மூண்டாவது. பன்னிரண்டுக்கு மேல ஏலாது. அதுதான் விட்டிட்டன்."

"அந்தப் பன்னிரண்டையும் ஒரு லோயர் எழுதின மாதிரி எழுதி வைச்சிருக்கிறியள். எனக்கு லோயரைத் தெரியாது. இந்தப் பதின்மூண்டாவது ஆளைத்தான் தெரியும்." பேனாவை எடுத்து ஏதோ வெட்டினார், ஏதோ சேர்த்தார். "வீட்டை போங்கோ. கண்ணாடியைப் பாத்துத் திருப்புங்கோ."

வீட்டில் இம்மாகுலேற் நள்ளிரவு தாண்டும்வரை இருந்து தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, திகதியிட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார். கணவர் என்ற முதலாவது உரிமைக் கோரிக்கை உறுதி செய்யப்படுகிறது. குழம்பைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை, "கேட்டால் மட்டும்" என்று குறுக்கப்படுகிறது. பாகற்காய் இரு தரப்பு நன்மை கருதி இரத்து. இந்தக் கோரிக்கைகளை இனி ஒருபோதும் விரிவாக்க முடியாது. கிறிஸ்துராஜா வாசித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. மறுபரிசோதனையில் தப்பிய காப்புரிமைக்கு மதிப்பு அதிகம் என்று அவர் எப்போதும் சொல்வார்.

இருபதாம் திகதி பூசையில், வாக்கைப் புதுப்பிக்கச் சம்மதமா என்று பாதர் கேட்டார். கேட்கும்போது அவர் குரலே சற்றுப் பயந்திருந்தது. இம்மாகுலேற் "ஓம்" என்றார். தெளிவாக, கடைசி வாங்குக்கும் கேட்கும்படி, ஒரேயொரு தடவை. நூற்றெண்பது பேரும் ஒன்றாக மூச்சை விட்டார்கள்.

மண்டபத்தில் கேக் வந்தது, தங்க எழுத்தில் இரண்டு பெயருடன். கிறிஸ்துராஜா ஒரு மூலையில், சட்டைப் பையிலிருந்து சான்றிதழை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். றூபினி பக்கத்தில் வந்தாள்.

"என்னப்பா?"

"இஞ்சை பார் பிள்ளை, கொம்மா பதினைஞ்சாம் திகதி போட்டிருக்கிறா. மூண்டு மாதம் பதினாலோட முடிஞ்சுது. ஒரு நாள் பிந்தின முடிவு. செல்லுமோ எண்டு..."

றூபினி தாளை அவர் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்து, மடித்து, தன் கைப்பைக்குள் போட்டு, சிப்பை இழுத்தாள்.

மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, கையில் கேக் கத்தியுடன், இம்மாகுலேற் கேட்டார்: "இஞ்சேருங்கோ, அங்கை என்ன பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை" என்றார் கிறிஸ்துராஜா.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விடயத்தை விட்டுவிட்டார் என்று நீங்கள் மகிழலாம். அடுத்த மனுவின் முதலாவது உருப்படி உருவாகிவிட்டது என்று நான் சொல்வேன். எது சரி என்பதை இன்னும் இருபத்தைந்து வருடம் கழித்துப் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் விடயத்துக்கு வருவோம். இம்மாகுலேற் "ஓம்" என்று சொன்ன இடத்தில் உங்களுக்குத் திருப்திதானே? அல்லது அந்தக் காருக்குள் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கழிப்பறை என்று சொன்னதை அவ்வளவு சுலபமாக நம்பியிருக்கக் கூடாது, நாற்பது நிமிடம் என்பதற்கு என்ன ஆதாரம் என்றெல்லாம் மனதுக்குள் ஏதாவது ஓடுகிறதா? ஓடினால் ஓடட்டும், யாரிடமும் சொல்ல வேண்டாம். முக்கியமாக வீட்டில் சொல்ல வேண்டாம். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.